21 வயது நிறையும் முன்: இளைஞர் வழக்குகளில் கண்டவை

இளம் வழக்கறிஞர், மதுரை:

18 வயது முடிந்துவிட்டால் சட்டத்தில் எந்த இரக்கமும் கிடையாது என்று நினைத்துக்கொண்டே நம் பிள்ளைகள் பலர் சட்டத் திருத்தம் கேட்டுக் கோரிக்கை மனு எழுத உட்காருகிறார்கள். 1958-ம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 6-வது பிரிவை முதலில் படியுங்கள். 21 வயது நிறையாதவர் குற்றவாளி என்று முடிவானால், அந்தக் குற்றம் ஆயுள் தண்டனை விதிக்கத்தக்கதாக இல்லாதவரை, அவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பதே பொது விதி. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் நீதிபதி காரணத்தை எழுத வேண்டும். முன்னதாக நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்டிருக்க வேண்டும்.

இந்தப் பிரிவு கை நழுவிப்போவது இரண்டு இடங்களில். முதலாவது, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நாள். 'இதுவரை உள்ளே இருந்த நாளே தண்டனை, இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்' என்று சொன்னால் எந்தத் தாய்தான் வேண்டாம் என்பாள்? பையன் வெளியே வந்துவிடுவான். ஆனால் அது சிறைத் தண்டனையாகப் பதிவாகிவிடும். அதே சட்டத்தின் 3 அல்லது 4-வது பிரிவில் எச்சரிக்கையோ நன்னடத்தைப் பிணையோ பெற்று வந்திருந்தால், தண்டனை பெற்றவருக்கு வரும் தகுதியிழப்பு அவனை ஒட்டாது. 12-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஒப்புதல் தருவதற்கு முன்பே 6-வது பிரிவின்படி அறிக்கை கேட்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் மெமோ (எழுத்து வேண்டுகோள்) போடுங்கள். ஒரு வாய்தா கூடும், அவ்வளவுதான்.

இரண்டாவதுதான் கொடுமை. வயதைக் கணக்கிடுவது குற்றம் நடந்த நாளை வைத்து அல்ல, நீதிமன்றம் தண்டனையை முடிவு செய்யும் நாளை வைத்து. 1963-லேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. 19 வயதில் கைதானவன் வாய்தா வாய்தாவாக அலைந்து 21-ஐத் தாண்டினால் உரிமை போச்சு. அதற்குப் பிறகும் 4-வது பிரிவைக் கேட்கலாம், ஆனால் அது நீதிபதியின் விருப்பம். வழக்குக் கட்டின் மேலட்டையில் பிறந்த தேதியைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். குற்றம் நடந்த நாளின் வயதையே கணக்கில் எடுக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பதே இளைஞர்கள் வைக்கும் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும். நீதிமன்றம் தாமதித்ததற்குப் பையன் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

சட்டக் கல்லூரி மாணவி, சென்னை:

மதுரை அண்ணன் சொன்ன 'ஆயுள் தண்டனை இல்லாதவரை' என்ற சொற்களில்தான் பல வழக்குகள் சிக்குகின்றன. செயின் பறிப்பை எடுத்துக்கொள்வோம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 304-வது பிரிவு (பறிப்பு) என்றால் அதிகபட்சம் 3 ஆண்டு. 309(4) (கொள்ளை) என்றால் 10 ஆண்டு வரை போகும். இரண்டிலும் 6-வது பிரிவைக் கேட்கலாம். கழுத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தால் 309(6) சேர்கிறது. அதில் ஆயுள் தண்டனை உண்டு, கதவு அடைபடுகிறது. அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியை (காயங்களைக் குறிக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கி, காயம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வேண்டுமென்றே காயப்படுத்தினால்தான் 309(6). செயின் அறுந்தபோது தானாக ஏற்பட்ட கீறலுக்கு அது பொருந்தாது என்று குற்றச்சாட்டு வனையும்போதே வாதிட வேண்டும். தீர்ப்பு நாளில் சொன்னால் பலன் குறைவு.

சட்டத் தன்னார்வலர், திருநெல்வேலி:

21-ஐ விடுங்கள், 18 நிறையாதவர்களே பெரியவர்களாகப் பதிவாகிச் சிறையில் இருக்கிறார்கள். 2024 தொடக்கத்தில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் நாடு முழுக்கச் சிறைகளில் சிறார்களைத் தேடி இயக்கம் நடத்தியதே இதனால்தான். இங்கே கணக்கு வேறு: சம்பவ நாளின் வயதுதான் முக்கியம். இளைஞர் நீதிச் சட்டம் 9(2) பிரிவின்படி, வழக்கு முடிந்த பிறகுகூட எந்த நீதிமன்றத்திலும் கோரலாம்.

வயதை நிரூபிக்கும் ஆவண வரிசை அதே சட்டத்தின் 94-வது பிரிவில் இருக்கிறது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்புப் பரிசோதனை. அதில் இரண்டு வயது முன்பின் இருக்கலாம். ஆதார் இந்தப் பட்டியலிலேயே இல்லை. குடும்பங்கள் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் டி.சி.தான் (பள்ளி மாற்றுச் சான்றிதழ்). அது 94-வது பிரிவு கேட்கும் ஆவணம் ஆகாது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேயே 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்து வயது ஆகிவிட்டதாகக் காட்டப் பள்ளியில் வயதைக் கூட்டிப் போட்ட தேதிகளும் உண்டு, அதனால் எதையும் தாக்கல் செய்யும் முன் தாயிடம் ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள்.

ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வரவில்லையா? உத்தரவு வந்து 7 நாளில் விடுதலை ஆகாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி உத்தரவு. பிணையாள் கிடைக்காத பிள்ளைகளுக்கு இது உயிர்.

தகவல் உரிமை ஆர்வலர், திருச்சி:

கோரிக்கை வைக்கப் போனால் 'எத்தனை பேர்?' என்றுதான் முதலில் கேட்பார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் 18 முதல் 30 வரை ஒரே கட்டம். 18-21 தனியாகத் தெரியவே தெரியாது. ஆகவே 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டி, சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறைக்குக் கேள்வி அனுப்புங்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் ஒவ்வொரு சிறையிலும் 21 நிறையாத விசாரணைக் கைதிகள் எத்தனை பேர், 6-வது பிரிவின்படி நீதிமன்றங்கள் கேட்ட அறிக்கைகள் மாவட்டவாரியாக எத்தனை, நன்னடத்தை அலுவலர்கள் அனுப்பியது எத்தனை. எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். பெயர் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பார்ஸ்டல் பள்ளிகளில் (இளம் குற்றவாளிகளுக்கான சீர்திருத்தப் பள்ளிகள்) எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். புதுக்கோட்டையில் இருப்பதைப் போன்றவை 1925-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பவை. தண்டனைக்குப் பதில் அங்கே அனுப்பினால் குறைந்தது 2 ஆண்டு என்பதால், ஆறு மாதத் தண்டனை வரக்கூடிய வழக்கில் எந்த வழக்கறிஞரும் அதைக் கேட்கத் தயங்குவார். அந்த 2 ஆண்டு வரம்பைக் குறைக்கச் சொல்லும் மனுவோடு எண்ணிக்கையையும் இணைத்துக் கொடுங்கள்.