ஞாயிறு நெவ் ஷப்பெல் போகலாமா?

சர்செல் அத்தை: புதுச்சேரியிலிருந்து அண்ணன் வியாழக்கிழமை வந்து இறங்குகிறார். ஞாயிறன்று வட பிரான்சில் நெவ் ஷப்பெல் ஊரிலுள்ள முதல் உலகப் போர் இந்திய நினைவிடத்தைப் பார்க்க விரும்புகிறார். யாருடைய வண்டி வரும்?

கார்த்தி: அந்த ஊரில் வயலைத் தவிர என்ன இருக்கிறது, அத்தை?

லில் சித்தப்பா: பா-து-கலே மாவட்டத்தில் கோதுமையும் உருளைக்கிழங்கும் சர்க்கரை எடுக்கும் பீட்கிழங்கும் விளையும் சமவெளிச் சிற்றூர்தான் அது, ஆனால் 1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த போரில் ஜெர்மானியரைத் தாக்கிய பிரித்தானியப் படையில் ஏறத்தாழப் பாதி இந்தியர்கள், ஊரோ தரைமட்டமானது. புது தில்லித் தலைமைச் செயலகத்தை வடிவமைத்த ஹெர்பர்ட் பேக்கரே இந்த நினைவிடத்தையும் வடிவமைத்தார். தாமரைத் தலைப்புடன் 15 மீட்டர் உயரத் தூணும், அதன் இருபுறமும் கல் புலிகளும் உள்ளன. 1927 அக்டோபரில் பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் ஃபோஷ் முன்னிலையில் திறந்தார்கள்.

சித்தி: இன்னும் முடியவில்லையா?

சர்செல் அத்தை: தாத்தாவின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும் என்று அண்ணன் நம்புகிறார்.

லில் சித்தப்பா: இருக்க முடியாது, அக்கா. கல்லறை இன்னதென்று தெரியாமல் மாண்ட, பிரித்தானிய இந்தியப் படையைச் சேர்ந்த 4,700-க்கும் மேற்பட்டோரின் பெயர்களே அங்கு உள்ளன. நம் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அதைவிட முக்கியமாக, உயிரோடு திரும்பி வந்து ஓய்வூதியம் வாங்கியவர்.

சித்தி: அந்த ஓய்வூதியத்தில் கட்டிய வீடு யாரிடம் இருக்கிறது என்றும் சொல்லலாமே.

சர்செல் அத்தை: அதை இங்கே பேச வேண்டாம். அண்ணனிடம் இதை நீயே சொல், தம்பி. போரில் தப்பி நின்ற சிலுவையையாவது பார்க்கலாமா?

லில் சித்தப்பா: 1918-இல் அந்தப் பகுதியைக் காத்த போர்ச்சுகீசியரின் நினைவாக, சிதைந்த அந்தச் சிலுவையை 1958-இல் போர்ச்சுகலுக்குக் கொடுத்துவிட்டார்கள்; இப்போது அங்குள்ள பட்டாலியா மடத்தில் இருக்கிறது. ஆனால் நினைவிடத்துக்கு எதிரே 1,831 கல்லறைகள் கொண்ட போர்ச்சுகீசிய இடுகாடு உண்டு. நீங்கள் அங்கே செபம் செய்யலாம். பிள்ளைகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: அந்தப் பக்கத்து வயல்களை உழும்போது இன்றும் வெடிக்காத குண்டுகள் வெளிவருகின்றன, ஓரத்தில் துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடக் கூடாது.

சித்தி: அப்படியானால் சின்னவனை நான் அனுப்ப மாட்டேன்.

கார்த்தி: நண்பரிடம் ஏழு இருக்கை வண்டி கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சொல்கிறேன்.

லில் சித்தப்பா: கிடைக்காவிட்டால் லில் வரை ரயிலில் வாருங்கள். என் வண்டியில் நால்வருக்குத்தான் இடம்.

சர்செல் அத்தை: எலுமிச்சைச் சாதம் நான் கட்டி வருகிறேன், ஞாயிறன்று அந்த ஊரில் கடையை நம்ப முடியாது. லூர்து போனபோது செய்ததுபோல் பெட்ரோல் செலவை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள்.