புதுப்பிப்பு: டெபியனில் வாக்குரிமை யாருக்கு?

நிரல் எழுதாதவருக்கு டெபியன் (தன்னார்வலர்கள் கூடி உருவாக்கும் கட்டற்ற இயங்குதளம்) திட்டத்தில் வாக்குரிமை உண்டா என்று கேட்டு நான் தொடங்கிய இழைக்கு இப்போது தெளிவான விடை கிடைத்திருக்கிறது: உண்டு. மொழிபெயர்ப்பு, ஆவணமாக்கம் போன்ற பணிகளில் தொடர்ந்து பங்களிப்போரையும், பொதிகளை (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்புகளை) பதிவேற்றும் உரிமை இல்லாமலேயே, முழு உறுப்பினராக வரவேற்பது என்று 2010 அக்டோபரில் நடந்த பொதுத் தீர்மான வாக்கெடுப்பில் உறுப்பினர்கள் முடிவெடுத்தார்கள். விந்தை என்னவென்றால், 2007-இல் ஏற்கப்பட்ட ‘டெபியன் பராமரிப்பாளர்’ என்ற நிலையில் இருப்பவர் தமக்கு அனுமதிக்கப்பட்ட பொதிகளைத் தாமே பதிவேற்றலாம். வாக்களிக்க மட்டும் முடியாது. இரண்டு உரிமைகளையும் இப்படிப் பிரித்துவைத்தது சரியென்றே எனக்குப் படுகிறது. வாக்குச்சீட்டு மின்னஞ்சலில்தான் செல்கிறது. தெரிவுகளுக்கு எதிரே 1, 2 என்று விருப்ப வரிசையை இட்டு, திட்டத்தின் சாவிவளையத்தில் (உறுப்பினர்களின் சாவிகள் அடங்கிய தொகுப்பில்) உள்ள தம் ஜிபிஜி சாவியால், அதாவது மின்னணுக் கையொப்பத்துக்கான மறையாக்கச் சாவியால், கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும் என்பதால், சாவியைத் தொலைத்தவர் (புதுச் சாவி சேரும்வரை) வாக்களிக்க இயலாது.