வீ கன்சோலின் மின்னழுத்தத்தைக் குறைக்கலாமா?

கேள்வி:
2006இல் வெளிவந்த நிண்டெண்டோ வீ என்னும் வீடியோ கேம் கன்சோலின் சர்க்யூட் போர்டைச் சிறிதாக வெட்டி, பேட்டரியில் இயங்கும் கையடக்கக் கருவியாக மாற்றி வருகிறேன். நான் செய்த பெட்டிக்குள் காற்றோட்டம் போதாததால், அரை மணி நேரத்தில் ஹீட்சிங்க் (சில்லின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) தொட முடியாதபடி சுட்டு, ஆட்டம் உறைந்துவிடுகிறது. கடிகார வேகத்தைத் தொடாமல் மின்னழுத்தத்தை மட்டும் குறைத்தால் சூடு தணியுமா?

பதில் 1:
தணியும். வேகம் மாறாதபோது சில்லின் இயக்கத்தில் செலவாகும் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் குறைவதால், 1.0 வோல்ட்டை 0.9 ஆக்கினாலே அந்தப் பங்கில் 19 சதவீதம் மிச்சமாகும். சில்லு வேலை செய்யாதபோதும் அதில் வீணாக ஓடும் கசிவு மின்னோட்டமும் கூடவே இறங்கும். சில்லுக்கு மின்னழுத்தம் தரும் ரெகுலேட்டரில், அதன் அளவை நிர்ணயிக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டரை மாற்றி, 0.02 வோல்ட் அளவில் படிப்படியாக இறக்குங்கள். அளக்கும்போது மல்டிமீட்டரை ரெகுலேட்டரின் வெளியீட்டு முனையில் வைக்காமல், சில்லை ஒட்டியுள்ள கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும், ஆட்டம் ஓடும்போதே வையுங்கள்; மெல்லிய வயரில் இழக்கும் மின்னழுத்தம் அங்கேதான் தெரியும்.

பதில் 2:
மெனு திரை நிலையாக நிற்பதை வைத்து முடிவுசெய்யாதீர்கள். அப்படி நம்பி நான் பெட்டியை ஒட்டி மூடிய மறுநாளே படத்தில் வண்ணப் புள்ளிகள் சிதறின. கனமான ஆட்டத்தை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கோளாறு தெரிந்த அளவுக்கு மேல் சற்று ஏற்றி நிறுத்துவதே என் வழக்கம். ஒரு சில்லுக்குப் பொருந்தும் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

கேட்டவர்:
அளந்து பார்த்தேன். ரெகுலேட்டரில் 1.0 இருக்க, சில்லருகே 0.91தான் வருகிறது! முதலில் வயரைத் தடிமனாக்கிவிட்டு, பிறகு குறைக்கிறேன்.