‘ஆப்ளீக்லி’: கோடிகாட்டிச் சொல்வது

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஆப்ளீக்லி’ (obliquely), அதாவது நேராகச் சொல்லாமல் உணர்த்துவதைக் குறிக்கும் ஆங்கில வினையடைக்கு, அகராதியில் சேர்க்கத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்திருக்கும் ‘மறைமுகமாக’, ‘குறிப்பாக’, ‘சாடையாக’ மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்பதை எங்கள் ஊர்ப் பேச்சை வைத்தே சொல்கிறேன்.

எங்களுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும், கல்லணை தாண்டி, வெண்ணாற்றுக் கிளைகளில் பிரிந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரப் பல நாள் ஆகும். அந்த நாட்களில் மேல்மடைக்காரர் யாராவது எதிரில் வந்தால் என் பெரியப்பா தண்ணீர்ப் பேச்சே எடுக்க மாட்டார். “எங்க வாய்க்கால்ல பசங்க இன்னும் பந்து விளையாடுறானுவ” என்பார். அவ்வளவுதான். கேட்டவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

இதில் பெரியப்பா எதை மறைத்தார்? அதனால்தான் ‘மறைமுகமாக’ இங்கே ஒட்டவில்லை. தவிர, மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என்று அந்தச் சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. ‘குறிப்பாக’ இன்னும் மோசம். “அமைச்சர் குறிப்பாகச் சொன்னார்” என்றால் அழுத்திச் சொன்னார் என்றுதான் இன்று படிப்போம். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். ‘குறிப்பால் உணர்த்தினார்’ உயிரோடு இருக்கிறது, சரி. ஆனால் குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் வரும் இரண்டு அதிகாரங்களையும் (71, 110) பாருங்கள்: பெரும்பாலும் முகமும் கண்ணும்தான் பேசுகின்றன. ‘ஆப்ளீக்லி’ பெரும்பாலும் வாய்ச்சொல்லுக்கும் எழுத்துக்கும் வருவது. ‘சாடை’யில் முள் இருக்கிறது. எங்கள் தெருவில் “சாடை பேசுறா” என்றால் அடுத்தது சண்டைதான். அதைக் குத்தலான பேச்சுக்கே விட்டுவிடலாம்.

ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குச் சாய்வு என்று பொருள். ஒளி அப்படி விழுந்தால் ‘சாய்வாக’ என்று தாராளமாக எழுதலாம். பேச்சுக்கு அது உதவாது, ஏனென்றால் தமிழில் சாய்வது பாரபட்சம். ‘ஒருபால் கோடாமை’ (ஒரு பக்கம் சாயாமை) என்று 118-ஆம் குறள் விலக்கச் சொல்வதும் அதைத்தான்.

என் பரிந்துரை ‘கோடிகாட்டி’. தெருக்கோடி, கடைக்கோடி என்கிறோமே, அந்தக் கோடி. ஓரத்தை மட்டும் காட்டிவிட்டு மீதியைக் கேட்பவரிடம் விடுவது. இதில் வஞ்சமும் இல்லை, ஒளிவும் இல்லை. “தீர்ப்பு இந்தச் சிக்கலைக் கோடிகாட்டிச் செல்கிறது”, “பெயர் சொல்லாமல் எதிர்த்தரப்பைக் கோடிகாட்டிப் பேசினார்” என்று இயல்பாக வருகிறது. பெயர்ச்சொல் வேண்டுமானால் ‘கோடிகாட்டல்’.

‘-ஆக’ என்று முடியவில்லையே என யாராவது கேட்கலாம். முடிய வேண்டியதில்லை. ஓடி வந்தான், சிரித்துச் சொன்னாள் என்று வினையெச்சத்தையே வினையடையாக வைத்துப் பழகிய மொழி நம்முடையது. ஆங்கில வினையடை ஒவ்வொன்றுக்கும் ‘-ஆக’ ஒட்டி ஒட்டித்தான் நம் மொழிபெயர்ப்புகள் விறைத்துப் போகின்றன. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

ஒரே ஒரு அபாயம்: ‘கோடிட்டுக் காட்டி’ என்பதோடு இதைக் குழப்பிக்கொள்வார்கள். அது அடிக்கோடு போட்டு அழுத்திச் சொல்வது. அகராதிப் பதிவில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வேறுபாட்டை எழுதிவிட வேண்டும். ‘கோடிகாட்டி’ பொருந்தாத வாக்கியம் யாரிடமாவது இருந்தால், அந்த வாக்கியத்தை முழுதாக அனுப்புங்கள்.