பத்திர வட்டி ஏறுவது எதைக் காட்டுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். அப்பா ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் ஒரு பங்கை நீண்டகால அரசுப் பத்திரங்களை (அரசு கடன் வாங்கும்போது தரும் பத்திரங்கள்) வாங்கும் மியூச்சுவல் ஃபண்டில் போட்டோம். அரசாங்கப் பத்திரம்தானே, பயமில்லை என்று நினைத்தோம். இப்போது அதன் மதிப்பு இறங்கியதைப் பார்த்து அவருக்குத் தூக்கமே இல்லை.

எனக்குப் புரிந்தது இதுதான். 7 சதவீத வட்டி தரும் 100 ரூபாய் பத்து வருடப் பத்திரம் நம் கையில் இருக்கிறது. சந்தையில் புதிதாக 8 சதவீதம் கிடைத்தால் பழையதை யாரும் 100க்கு வாங்க மாட்டார்கள், ஏறத்தாழ 93க்குத்தான் போகும். பத்திரத்தை நேரடியாக வாங்கியிருந்தால் முதிர்வு வரை காத்திருந்து முழுத் தொகையும் எடுக்கலாம். ஆனால் எங்கள் ஃபண்டுக்கு முதிர்வுத் தேதியே கிடையாதே! அங்கேதான் குழம்புகிறேன்.

வட்டி ஏறுவது விலைவாசி பயத்தாலா, அரசு அதிகம் கடன் வாங்குவதாலா? 2023 அக்டோபரில் அமெரிக்க அரசின் பத்து வருடப் பத்திர வட்டி 2007க்குப் பிறகு முதல்முறையாக 5 சதவீதத்தைத் தொட்டது, அப்புறம் இறங்கவும் செய்தது. வட்டி இறங்கினால் ஃபண்டின் மதிப்பு மீண்டும் ஏறுமே, அதனால் அவசரப்பட்டு எடுக்க மனமில்லை.

இதற்கிடையில் தெரிந்த ஏஜென்ட் ஒருவர் 12 சதவீதத்துக்குத் தனியார் கம்பெனிப் பத்திரம் இருக்கிறது என்கிறார். இவ்வளவு கூடுதல் வட்டி என்றாலே எனக்கு உதறுகிறது. ஆற்காடு பக்கம் வட்டி ஆசையில் சேமிப்பை இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் இணையதளத்தில் நேரடியாக அரசுப் பத்திரம் வாங்கியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? 68 வயதுக்காரருக்கு அது சரிப்படுமா, அல்லது ஃபண்டிலேயே பொறுத்திருக்கலாமா?