முதல் வாரத்துலயே நூலக அட்டை வாங்கிடுங்க

சிம் கார்டு, வங்கிக் கணக்கு, வீடு. புதுசா வெளிநாடு வர்ற எல்லாருக்கும் இந்த மூணுதான் முதல் கவலை. நாலாவதா ஒண்ணு சேர்த்துக்கோங்க: பக்கத்துல இருக்கற பொது நூலகத்தோட உறுப்பினர் அட்டை. புத்தகம் படிக்கிற பழக்கம் இல்லாதவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

நான் வந்த புதுசுல நூலகத்துக்குப் போனதே குளிருக்கு ஒதுங்கத்தான். மூணு நாள் ஒரு மூலையில லேப்டாப்போட வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தேன். நூலகர்னா புத்தகத்துக்குக் காவல் இருக்கறவர், அவரைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு ஒரு நினைப்பு. நாலாவது நாள் ஒரு படிவத்தை பிரிண்ட் எடுக்க வழி தெரியாம மேசைக்குப் போனேன். அந்தம்மா பிரிண்ட் எடுக்கச் சொல்லிக்கொடுத்ததோட விடலை. எந்தப் பக்கத்தை நான் நிரப்பாம விட்டிருக்கேன்னு காட்டினாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் மாடியில ஆங்கிலம் பேசிப் பழகுற குழு கூடுது, வந்து உட்காருங்கன்னாங்க. கேட்கிறவங்களுக்குத் தேடிக் கொடுக்கறதுதான் அவங்க வேலையே. அது தெரியாம மூணு நாளை வீணாக்கினேன்.

ஆனா ஒரு நாட்டு அனுபவத்தை அப்படியே இன்னொரு நாட்டுல எதிர்பார்க்காதீங்க. நூலகத்துக்கு யார் காசு கொடுக்கறாங்கங்கறதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

பிரிட்டன்ல 1850லயே பொது நூலகச் சட்டம் வந்துடுச்சு. வேடிக்கை என்னன்னா, அந்தச் சட்டப்படி நகர மன்றம் வரி போட்டு கட்டடம் கட்டலாம், ஆளுக்குச் சம்பளம் கொடுக்கலாம், புத்தகம் மட்டும் வாங்கக்கூடாது! புத்தகம் யாராவது தானமா கொடுக்கணும். அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் அதைச் சரிசெஞ்சாங்க. இப்போ இங்கிலாந்துல நூலகம் நடத்தறது உள்ளாட்சி மன்றங்களோட சட்டக் கடமை, 1964 சட்டம் அப்படித்தான் சொல்லுது. அதனால உங்க கவுன்சில் எதுன்னு முதல்ல பாருங்க, அட்டை அதோட கணக்குலதான் வரும். 2010க்கு அப்புறம் நிதிவெட்டுல நிறையக் கிளைகளை மூடிட்டாங்க, சிலதைத் தன்னார்வலர்கள் நடத்தறாங்க. திறக்கற நேரத்தைப் பார்க்காம கிளம்பிப் போகாதீங்க.

அமெரிக்காவுல கதை இன்னும் உள்ளூர்த்தனமானது. 1833ல நியூ ஹாம்ப்ஷயர்ல பீட்டர்பரோங்கற சின்ன ஊர், மக்கள் வரிப்பணத்துலயே நூலகம் நடத்த ஆரம்பிச்சது. அப்புறம் எஃகுத் தொழில்ல பெரும் பணக்காரரான ஆண்ட்ரூ கார்னகி வந்தார். அந்த நாட்டுல மட்டும் 1,689 நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தார், ஆனா சும்மா இல்ல. இடத்தை ஊர் கொடுக்கணும், அவர் கொடுக்கற தொகையில பத்துல ஒரு பங்கை வருஷா வருஷம் பராமரிப்புக்கு ஊரே ஒதுக்கணும். இன்னிக்கும் பெரும்பாலும் உள்ளூர் வரிதான் நூலகத்தை நடத்துது. அதனாலதான் அட்டைக்குப் போனா நீங்க அந்த ஊர்ல குடியிருக்கீங்களான்னு கேட்கறாங்க. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வங்கிக் கடிதம் இதுல ஏதாவது ஒண்ணை எடுத்துட்டுப் போங்க. அங்க குழந்தை பிறந்தவங்களுக்கு ஒரு தகவல்: பல நூலகங்கள்லயே அமெரிக்க பாஸ்போர்ட் விண்ணப்பம் வாங்கறாங்க. வரிக்கணக்கு தாக்கல் பண்ற மாசங்கள்ல இலவசமா உதவ ஆள் உட்கார்ற கிளைகளும் உண்டு. கலிஃபோர்னியாவோட பெர்க்லி நூலகம் 1979லேர்ந்து துளைபோடற இயந்திரம், ரம்பம் எல்லாம் இரவல் கொடுக்குது. புது வீட்டுல ஒரு அலமாரி மாட்ட எதுக்கு டிரில் மெஷின் வாங்கணும்?

கனடாவுல பல ஊர் நூலகங்கள்ல குடியேறிகளுக்கு வழிகாட்டறதுக்குன்னே பணியாளர்கள் வந்து உட்கார்றாங்க. பள்ளிச் சேர்க்கை, வேலை, மருத்துவ அட்டை எதுவானாலும் கேளுங்க. டொராண்டோவுல 100 கிளைகள், அதுல சிலதுல தமிழ்ப் புத்தகங்களும் இருக்கு.

ஜெர்மனி, நெதர்லாந்து போறவங்க "நூலகம்னா இலவசம்"னு நினைச்சுட்டுப் போகாதீங்க. பெரியவங்களுக்கு ஆண்டுச் சந்தா இருக்கறது அங்க சகஜம், பிள்ளைகளுக்குப் பொதுவா கிடையாது. சிங்கப்பூர்ல குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம், வேலை அனுமதியில இருக்கறவங்க கட்டணம் கட்டணும். கட்டலாம், தப்பில்ல. 1995ல அமைச்ச தேசிய நூலக வாரியம் எல்லாக் கிளையையும் ஒரே குடைக்குள்ள நடத்துது. வேலைக்குப் பக்கத்துல எடுத்த புத்தகத்தை வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில திருப்பிக் கொடுக்கலாம். தமிழ் அங்க ஆட்சிமொழிங்கறதால தமிழ்ப் புத்தகத்தைத் தேடி அலைய வேண்டியதில்ல.

ஹெல்சிங்கி போனா 'ஓடி' (Oodi)ங்கற பேர்ல இருக்கற நூலகத்தைப் பார்க்காம வராதீங்க. 2018 டிசம்பர் 5, அதாவது ஃபின்லாந்தோட சுதந்திர தினத்துக்கு முந்தின நாள், நாடாளுமன்றத்துக்கு எதிர்லயே திறந்தாங்க. புத்தகம் மூணாவது தளத்துல. நடுத்தளத்துல தையல் இயந்திரம், 3டி பிரிண்டர், இசைப்பதிவு அறை. டென்மார்க்ல பல கிளைகள் ஊழியர் இல்லாத நேரத்துலயும் திறந்திருக்கும், அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்துட்டு நாமளே உள்ள போயிக்கலாம்.

எல்லா ஊருக்கும் பொதுவா சில விஷயம். குழந்தைக்குத் தனி அட்டை எடுங்க. கைக்குழந்தைக்குக் கூட கதை நேரம், பாட்டு நேரம் இருக்கும். வீட்டுல தனியா இருக்கற அம்மாக்களுக்கு முதல் சிநேகிதம் அங்கதான் கிடைக்குது. அட்டை எண் இருந்தா லிப்பி மாதிரி செயலிகள்ல மின்னூலும் ஒலிநூலும் இலவசம். நிறைய நூலகங்கள் பிரஸ்ரீடரும் கொடுக்கறதால நாளிதழ்களைப் போன்லயே படிக்கலாம். அபராதத்துக்குப் பயந்து எடுக்காம இருக்காதீங்க. சிகாகோ 2019லயும் நியூயார்க் 2021லயும் தாமத அபராதத்தையே எடுத்துட்டாங்க. அந்த மாதிரி ஊர்கள்ல தொலைச்சா மட்டும் பணம் கட்டணும்.

தமிழ்ப் புத்தகம் இல்லைன்னா வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்க, பல இடத்துல அதுக்குப் படிவமே இருக்கும். இதைச் சொல்றப்போ எஸ். ஆர். ரங்கநாதன் ஞாபகம் வருது. கணித ஆசிரியரா இருந்தவர் 1924ல சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார், அந்த வருஷமே படிக்க லண்டன் போனார். திரும்பி வந்து 1931ல வெளியிட்ட நூலக அறிவியலோட ஐந்து விதிகளை உலகம் பூரா நூலக அறிவியல் படிக்கிறவங்க இன்னிக்கும் படிக்கறாங்க. 1948ல வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாடியும் அவர்தான் இருந்தார். ஒவ்வொரு நூலுக்கும் அதுக்கான வாசகர்ங்கறது அவரோட மூணாவது விதி.

நூலகங்கள் எந்தப் புத்தகம் எத்தனை தடவை வெளியே போச்சுன்னு கணக்கு வச்சிருக்கும். போகாததைக் கழிச்சுக் கட்டிடுவாங்க. எங்க கிளையில தமிழுக்கு ரெண்டு தட்டு இருந்துச்சு, போன வருஷம் ஒண்ணாச்சு. இப்போ ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே படிச்சதா இருந்தாலும் ரெண்டு தமிழ்ப் புத்தகம் எடுத்துட்டுத்தான் வர்றேன்.