பொங்கல் லீவுக்கு குன்னூரா, கோத்தகிரியா? தங்கவும் நடக்கவும் இடம் சொல்லுங்க

மடிப்பாக்கம் சுதா

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் லீவை ஒட்டி நாலு நாள் மலையில இருக்கலாம்னு பார்க்கிறோம். நான், வீட்டுக்காரர், ஆறாவது படிக்கிற பொண்ணு, மாமியார். மாமியாருக்கு வயசு அறுபத்தெட்டு. சமதரையில எங்களை விட வேகமா நடப்பாங்க, படி இறங்கணும்னாதான் முட்டி பிடிச்சுக்கும்.

ஊட்டி வேண்டாம்னு வீட்டுல ஏகமனதா முடிவாயிடுச்சு. போட் ஹவுஸ், ரோஸ் கார்டன், ஹோம்மேட் சாக்லேட் எல்லாம் பார்த்தாச்சு. இந்தத் தடவை தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல தங்கி, காலையில எழுந்து நடக்கணும், அவ்வளவுதான்.

குன்னூர், கோத்தகிரி ரெண்டுல எது? டவுன்ல தங்கலாமா, உள்ள தோட்டத்துப் பக்கம் ஹோம்ஸ்டேயா? நெட்ல பார்க்கிற எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கு, எல்லாத்துலயும் மேகத்துக்கு மேல பால்கனி. கைடு இல்லாம நாங்களே நடந்தா பிரச்சினை வருமா? மாமியார் வேற யாரோ சொன்னாங்கன்னு கரடி கரடின்னு பயந்துட்டு இருக்காங்க.

கார்ல வரலாமா, ரயிலான்னு இன்னும் முடிவு பண்ணலை.

பெட்ஃபோர்டு ராஜேஷ்

குன்னூர்தான் மேடம், யோசிக்கவே வேண்டாம். சென்னையில ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுனா விடிய மேட்டுப்பாளையம். அங்கிருந்து 7.10க்கு மலை ரயில். கல்லாறு தாண்டினதும் பல்சக்கரம் பிடிச்சு ஏற ஆரம்பிக்கும், பன்னிரண்டரை அடிக்கு ஒரு அடி ஏத்தம். 1899லயே குன்னூர் வரைக்கும் ஓட ஆரம்பிச்ச பாதை. உங்க பொண்ணுக்காகவாவது அதுல வரணும். டிக்கெட் மட்டும் பொங்கலுக்கு இப்பவே பாருங்க, கடைசி நேரத்துல கிடைக்காது. குன்னூர் வரைக்கும்தான் நீராவி, அதுக்கு மேல ஊட்டிக்கு டீசல். அதனால குன்னூர்ல இறங்கிட்டா எதையும் தவற விட்டதா ஆகாது.

நடக்கணும்னா லேம்ப்ஸ் ராக்ல ஆரம்பிச்சு டால்பின் நோஸ் வரைக்கும் தோட்டத்து ரோட்டுலயே போகலாம், நாலு கிலோமீட்டர் வாக்குல வரும். படி கிடையாது, மாமியாருக்கும் சரிப்படும். டால்பின் நோஸ்ல நின்னா எதிர்மலையில கேத்தரின் அருவி ரெண்டு அடுக்கா விழறது தெரியும். கால் பலமா இருக்கறவங்க ட்ரூக் கோட்டைக்குப் போகலாம். திப்பு காலத்துக் காவல் கோட்டைன்னு சொல்வாங்க, இப்ப இடிஞ்ச சுவர்தான் மிச்சம். ஆனா அந்த முனையில நின்னா கீழ மேட்டுப்பாளையம் சமவெளி முழுசும் விரிஞ்சு கிடக்கும்.

தங்க மேல் குன்னூர், சிம்ஸ் பார்க் பக்கம் பாருங்க. கீழ பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேண்டாம், சத்தம்.

ஒண்ணரை ஏக்கர்

ராஜேஷ் தம்பி ரயிலைப் பத்திச் சொன்னது அத்தனையும் சரி. நான் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிக்காரன் (ஹட்டின்னா எங்க படகர் ஊர்), ஒண்ணரை ஏக்கர் தேயிலை இருக்கு, அதனால ஒருதலைப்பட்சமாத்தான் பேசுவேன், இப்பவே சொல்லிடறேன்.

நடக்கணும்னு வர்றவங்களுக்கு கோத்தகிரிதாங்க. காரணம் காட்சி இல்லை, காட்சி ரெண்டு ஊர்லயும் உண்டு. குன்னூர்ல நல்ல இடமெல்லாம் பெரிய எஸ்டேட்டுக்குள்ள, கேட், வாட்ச்மேன், போர்டு. கோத்தகிரியைச் சுத்தி எங்களை மாதிரி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வெச்சிருக்கறவங்கதான் அதிகம். ஒரு ஹட்டியில இருந்து அடுத்த ஹட்டிக்குத் தேயிலை ஊடால ஊர்ப்பாதை இருக்கும், பாதி இடத்துல பஞ்சாயத்து சிமெண்ட் போட்டிருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களும் இலை மூட்டை தூக்கறவங்களும் போற வழி. யாரும் உங்களைத் தடுக்க மாட்டாங்க. "எந்த ஊருங்க?"ன்னு கேட்பாங்க, அவ்வளவுதான்.

எப்படி நடக்கறதுன்னு ஒரு வழி சொல்றேன். போகும்போது பஸ், வரும்போது நடை. எங்க கால் வலிக்குதோ அங்க மறுபடியும் பஸ். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல கோடநாடு காட்சி முனைக்குப் போற பஸ் நேரத்தை முந்தின நாளே கேட்டு வெச்சுக்குங்க. காலையில சீக்கிரம் போனாத்தான் பள்ளத்தாக்கு தெரியும். கீழ மாயாறு ஓடும், அதோட கரையில தெங்குமரஹாடா ஊர், தூரத்துல பவானிசாகர் தண்ணி. பத்து மணிக்கு மேல மஞ்சுமூட்டமோ வெயில் மங்கலோ வந்து மறைச்சிடும். பார்த்துட்டு வந்த ரோட்டுலயே தோட்டத்துக்கு நடுவுல நடந்து வாங்க, மெதுவா இறக்கம் ஏத்தம், வண்டி குறைச்சல். (ஆமாங்க, செய்தியில வந்த அந்த எஸ்டேட் பங்களாவும் அந்தப் பக்கம்தான். கேட்டைப் பார்க்க எல்லாரும் நிக்கறாங்க. பார்க்க ஒண்ணும் இல்லை.)

இன்னொரு நாள் கன்னேரிமுக்கு. டவுனுக்குப் பக்கம், நடந்தே போயிடலாம். 1819ல மேல வந்த கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டின வீடு அங்க இருக்கு. ஊட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே இங்கதான் அவருக்கு வீடு. இப்ப பழைய படங்கள், ஆவணங்கள் வெச்சிருக்காங்க. பொண்ணுக்குக் காட்டுங்க.

லாங்வுட் சோலையை விட்டுடாதீங்க. டவுன்ல இருந்து மூணு கிலோமீட்டர். 116 ஹெக்டேர்தான், ஆனா தேயிலை வர்றதுக்கு முன்னாடி இந்த மலை எப்படி இருந்துச்சுன்னு பார்க்கணும்னா அங்கதான் பார்க்க முடியும். உள்ள கால் வெச்சதும் வெளிச்சம் பாதியாயிடும், மரமெல்லாம் பாசி, காலுக்கடியில மெத்துனு இருக்கும். மலையணில் இருக்கு. நீலகிரிச் சிரிப்பான் பறவையோட குரல் கேட்கும், யாரோ ஒளிஞ்சிருந்து கேலி பண்ற மாதிரி. 2024ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேர்த்திருக்காங்க. சுத்தி இருக்கற ஊர்களுக்கு அதுல இருந்து வர்ற தண்ணிதான். சும்மா நுழைய முடியாது, வனத்துறை அனுமதி வேணும். ட்ரெக் தமிழ்நாடு தளத்துல லாங்வுட் பாதை இருக்கு, சுலபமான பாதைதான். அரசாங்கம் 2024 அக்டோபர்ல 40 பாதையோட ஆரம்பிச்ச திட்டம். காட்டோரத்து ஊர்ப் பையன்களே வழிகாட்டியா வருவாங்க. அதே தளத்துல கரிக்கையூர்ல இருந்து ரங்கசாமி சிகரம் போற பாதையும் இருக்கு. அது உங்க வீட்டுக்காரருக்கு மட்டும். இருளர் மக்களுக்கு அது சாமி மலை, அதுக்குத் தக்க நடந்துக்கணும்.

இப்ப கரடி. உங்க மாமியார் பயப்படறது நியாயம்தான், ஆனா நேரம் தெரிஞ்சா பயம் வேண்டாம். கரடி பெரும்பாலும் ராத்திரிதான் வரும், அதுவும் எண்ணெய் வாசனைக்கு. விளக்குக்கு எண்ணெய் ஊத்தற கோயில், சத்துணவுக் கூடம், ரேஷன் கடை, இதுகளோட கதவைத்தான் உடைக்கும். பகல்ல நீங்க கவனிக்க வேண்டியது காட்டெருமை. தேயிலைக்குள்ள நின்னா முதுகு மட்டும் தெரியும், பாறைன்னு நினைச்சு நேரா போயிடுவீங்க. பாறை நகர்ந்தா நில்லுங்க. கத்தாதீங்க, கல் எடுக்காதீங்க, போட்டோவுக்குக் கிட்டப் போகாதீங்க. வந்த வழியே பின்வாங்கி, அது போற வரைக்கும் நிக்கறதுதான் வழி. கன்னுக்கும் தாய்க்கும் நடுவுல போயிடக் கூடாது. கூட்டத்தைவிடத் தனியா நிக்கற கிடாதான் மோசம். காலையில ஏழுக்கு முன்னாடியும் சாயந்தரம் அஞ்சுக்கு மேலயும் பாதையில இருக்காதீங்க. நாங்களே இருக்க மாட்டோம்.

மடிப்பாக்கம் சுதா

ரொம்ப நன்றிங்க அண்ணா, இவ்வளவு விவரமா யாரும் சொல்லலை. பாறை நகர்ந்தா நிக்கணும்ங்கறதை மாமியார் ஏற்கெனவே மனப்பாடம் பண்ணிட்டாங்க!

தங்கற இடம் பத்தி மட்டும் சொல்லுங்க. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கறது? அப்புறம் பொண்ணு கொழுந்து பறிக்கணும்னு ஆசைப்படறா. ஹோம்ஸ்டே விளம்பரத்துல 'டீ ப்ளக்கிங் அனுபவம்'னு போட்டிருக்காங்க. ஜனவரியில மழை, அட்டை எல்லாம் இருக்குமா?

வளைவு டிரைவர்

பத்தொம்பது வருஷமா இந்த மலையில டாக்ஸி ஓட்டறேன், வண்டி விஷயம் மட்டும் நான் சொல்றேன்.

சொந்தக் காரோ வாடகைக் காரோ, நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம். 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவு. ஆன்லைன்ல எடுத்துட்டுத்தான் வரணும். நீலகிரியில பதிவான எங்க டிஎன் 43 வண்டிக்கு வேண்டாம், அரசு பஸ்ல வர்றவங்களுக்கும் வேண்டாம். தண்ணி பாட்டில், பாலித்தீன் கவர் செக் போஸ்ட்டுலயே வாங்கிடுவாங்க. மாவட்டம் முழுக்கத் தடை. வீட்டுல இருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாங்க, ரோட்டோரம் தண்ணி மெஷின்ல நிரப்பிக்கலாம்.

மேட்டுப்பாளையம் கோத்தகிரி 33 கிலோமீட்டர். பர்லியாறு வழியா குன்னூர் ஏறறதைவிட இந்த ரோட்டுல கொண்டை ஊசி கம்மி, குழந்தைங்களுக்கு வாந்தியும் கம்மி. சமவெளி டிரைவர்களுக்கு ஒண்ணே ஒண்ணு. இறங்கும்போது எந்த கியர்ல ஏறுவீங்களோ அதுலயே இறங்குங்க. நியூட்ரல்ல விட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்து, புகை வந்தப்புறம் ஓரங்கட்டி நிக்கறவங்களை லீவு நாள்ல தினமும் பார்க்கறேன். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும், இதைச் சொன்னா முறைக்கறாங்க.

என்னைக் கேட்டா ரயில்ல மேட்டுப்பாளையம் வந்து பஸ் பிடிங்க. மேல வந்தப்புறம் எங்காவது தூரமா போகணும்னா லோக்கல் வண்டி எடுத்துக்கலாம்.

ஒண்ணரை ஏக்கர்

டிரைவர் சொன்னதுல எனக்கு மறுப்பு இல்லை. ராஜேஷ் தம்பி மனசு நோகக் கூடாதுன்னா ஏறும்போது மலை ரயில்ல குன்னூர் வாங்க, அங்க மத்தியானம் வரைக்கும் சுத்திட்டு கோத்தகிரிக்கு பஸ். ஒரு மணி நேரம்தான். இறங்கும்போது கோத்தகிரி ரோடு.

தங்கற இடம். பால்கனி படத்தை விடுங்க. அந்தப் பால்கனியில ஜனவரி ராத்திரி யாரும் உட்கார முடியாது. போன் பண்ணி முதல்ல கேளுங்க: வண்டி நிக்கற இடத்துல இருந்து ரூம் கதவு வரைக்கும் எத்தனை படி? 'கொஞ்சம்தாங்க'ன்னு சொன்னா நம்பாதீங்க. அந்தப் பாதையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இங்க சரிவுல கட்டின வீடுங்கதான், ரோடு மேல இருக்கும், வீடு நாப்பது படி கீழ இருக்கும். மாமியார் ஒரு தடவை இறங்கினா அப்புறம் ஏறி வர மனசு வராது, நாலு நாளும் ரூம்லயே கிடப்பாங்க.

அப்புறம் பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம்னு கேளுங்க. கரண்ட் போனா வெந்நீருக்கு என்ன ஏற்பாடுன்னு கேளுங்க. கிழக்குப் பார்த்த ரூம் கேளுங்க. காலையில வெயில் உள்ள வந்தாத்தான் சுவர் ஈரம் காயும், கம்பளி காயும். மேற்குப் பார்த்த ரூம்ல சூரியன் மறையறது அழகா இருக்கும், ராத்திரி முழுக்கப் பல்லு கிட்டிக்கும். சமையல் வீட்டுக்காரங்களே பண்றாங்களான்னும் கேளுங்க. படகர் வீடா இருந்தா அவரைக்குழம்பும் ராகிக் களியும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க. சாயங்காலம் டீயோட வர்க்கி. ஊட்டி வர்க்கின்னு 2023ல புவிசார் குறியீடு வாங்கியிருக்காங்க, ஆனா கோத்தகிரி பேக்கரியில சுடச்சுட வாங்கிப் பாருங்க, ஊட்டிக்காரங்களோட சண்டைக்கு நான் வர்றேன்.

டவுன்ல இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர்ல, ஏதாவது ஹட்டியை ஒட்டி இருக்கற வீடா பாருங்க. தன்னந்தனியா எஸ்டேட் நடுவுல இருக்கற பங்களா உங்க குடும்பத்துக்கு வேண்டாம். இருட்டினா வாசலுக்கு வெளிய கால் வைக்க முடியாது. மாத்திரை வாங்கணும்னாலும் வண்டி வரச் சொல்லணும்.

கொழுந்து பறிக்கிற விஷயம். பொண்ணு ஆசைப்படறா, பறிக்கட்டும். ஆனா யாரோட தோட்டம்னு தெரிஞ்சு, அவங்க கூட நின்னு காட்டினா மட்டும். ரோட்டோரம் இறங்கி போட்டோவுக்குப் பிடுங்கி வாயில வெச்சுப் பார்க்கறாங்க. முந்தின நாள்தான் மருந்து அடிச்சிருப்போம். ஒரு செடியில ஒரு தடவை எடுத்தா, அடுத்த கொழுந்துக்குப் பத்துப் பதினஞ்சு நாள் காத்திருக்கணும். ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு புத்தகத்துல இருக்கும். எங்க தோட்டத்துல ஆள் கிடைக்காம பாதி நாள் கத்தரியிலதான் வெட்டறோம். எஸ்டேட்டுகள்ல இப்ப ஜார்கண்ட்ல இருந்து வந்த குடும்பங்கள்தான் நிறைய வேலை பாக்குது. கத்தரி இலை முத்தி வரும், ஃபேக்டரியில விலை குறைப்பாங்க. அந்தக் கதையை ஆரம்பிச்சா இந்தப் பக்கம் பத்தாது.

நடக்கும்போது ஒரு சரிவு முழுக்க இலையே இல்லாம குச்சியா நின்னா, பட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. கவாத்து பண்ணியிருக்காங்க. நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை இடுப்புக்குக் கீழ வெட்டி விட்டாத்தான் மறுபடி தளிர்க்கும். கவாத்துத் தோட்டத்துல காட்டெருமை ஒளிய முடியாது, அதனால நடக்க நல்ல இடம்.

மழை பத்தி. இந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருசு. ஆனி, ஆடியில ஊட்டிப் பக்கம் கொட்டும்போது தொட்டபெட்டா மறைச்சு எங்களுக்குப் பாதிதான் வரும். தைக்குள்ள மழை ஓய்ஞ்சு வானம் துடைச்சு விட்டுடும். அட்டை காய்ஞ்ச பாதையில இருக்காது, சோலைக்குள்ள ஈரமான இடத்துல ஒண்ணு ரெண்டு இருக்கலாம். உப்புப் பொட்டலம் போதும். பகல்ல வெயில் சுளீர்னு அடிக்கும், நிழலுக்குப் போனா நடுங்கும், அதனால ஒரே தடி ஸ்வெட்டரைவிட ரெண்டு மெல்லிசா போட்டுக்குங்க.

ஃபேக்டரி பார்க்கணும்னா ஒரு விஷயம். தை மாசத்துல குளிருக்கு இலை வரத்து குறைஞ்சிடும், எல்லா ஃபேக்டரியும் தினமும் ஓடாது. ஓடாத நாள்ல போனா நின்ன மெஷினைக் காட்டி டீத்தூள் விப்பாங்க. குன்னூர்ல இறங்கற அன்னிக்கே சிம்ஸ் பார்க் பக்கத்துல ஹைஃபீல்டுல கேட்டுப் பாருங்க, அங்க வர்றவங்களுக்குச் சுத்திக் காட்டறாங்க. வாட வெச்ச பச்சை இலை உருளையில நசுங்கி வெளிய வந்து, பார்த்துக்கிட்டு இருக்கும்போதே செம்பு நிறமாகும். பொண்ணு அங்கேயே நிக்கட்டும், அவசரப்படுத்தாதீங்க.

இன்னொண்ணு. நீங்க வர்ற சமயத்துல பேரகணி ஊர்ல எங்க படகர் சாமி ஹெத்தையம்மன் பண்டிகை முடிஞ்சிருக்குமா நடந்துக்கிட்டு இருக்குமான்னு தங்கற வீட்டுல கேளுங்க, தேதி வருஷா வருஷம் மாறும். நடந்தா அன்னிக்கு எங்க ஜனம் பூரா வெள்ளை உடுத்திப் போகும், பஸ்ல நிக்க இடம் இருக்காது. கோடநாட்டை அடுத்த நாளைக்குத் தள்ளிடுங்க.